யோப்பா துறைமுகம்

டெல் அவிவ் நகரை ஒட்டியுள்ள யாஃபாவைத்தான் விவிலியத்தில் யோப்பா என்று வாசிக்கிறோம். கிரேக்கப் புராணம் அந்திரோமேதா என்ற இளவரசியைக் கடல் விலங்குக்கு இரையாகக் கட்டிவைத்த பாறையும் இங்கேதான் என்பார்கள். சங்கிலித் தடத்தைக்கூட மக்கள் காட்டினார்களாம். முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். கதை கதையாக இருக்கட்டும்.

நாம் பார்க்க வேண்டியவர் யோனா. பிற இனத்தார் வாழ்ந்த நினிவேக்குப் போகச் சொன்னார் ஆண்டவர். இவரோ யோப்பாவுக்கு வந்து, கட்டணம் கொடுத்து, தர்சீசுக்குக் கப்பலேறினார்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே ஊரில், கடலோரத்தில், பேதுரு தங்கியிருந்தார். (மத்தேயு நற்செய்தியின்படி இவருடைய தந்தையின் பெயரும் யோனாதான்.) தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொடும் தொழில், தீட்டு என்று பலர் விலகி நின்ற வீடு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நண்பகல் 12 மணிக்கு அந்த வீட்டு மாடியில் காட்சி கண்டார். வாசலில் உரோமை நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய ஆட்கள். பேதுருவுக்கும் கப்பல் துறை பக்கத்தில்தான் இருந்தது. அவரோ அவர்களை உள்ளே அழைத்து இரவு தங்கவைத்தார். மறுநாள் வடக்கே, 50 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள செசரியாவுக்குப் புறப்பட்டார். யோப்பாவிலிருந்து ஆறு சகோதரர்களும் கூடவே போனார்கள்.