பெற்றோர் கட்டுப்பாடுகள் (விண்டோஸ் விஸ்டா)

பெற்றோர் கட்டுப்பாடுகள் என்பது, பிள்ளைகளின் கணினிப் பயன்பாட்டைப் பெற்றோர் நெறிப்படுத்துவதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தில் சேர்த்திருந்த வசதியாகும். 2007 சனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியான விஸ்டாவின் வீட்டுப் பதிப்புகளில் இது இடம்பெற்றது.

கணக்குகள்

இக்கட்டுப்பாடுகள் கணினி முழுவதற்கும் அன்றி, தனித்தனிப் பயனர் கணக்குகளுக்கே விதிக்கப்படுகின்றன. பெற்றோர் நிர்வாகி கணக்கையும், பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதிகாரம் குறைந்த சாதாரணக் கணக்கையும் பயன்படுத்த வேண்டும். நிர்வாகி கணக்கைக் கட்டுப்படுத்த இயலாது. நிர்வாகி கணக்குகளுள் ஒன்றேனும் கடவுச்சொல் இன்றி இருந்தால், பிள்ளை அதன்வழி நுழைந்து எல்லாக் கட்டுப்பாடுகளையும் நீக்கிவிட முடியும்.

வசதிகள்

* வலை வடிகட்டி: தகாத வலைத்தளங்களைத் தடுக்கும், குறிப்பிட்ட தளங்களை மட்டும் அனுமதிக்கவும் செய்யலாம்.
* நேர வரம்பு: வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் அனுமதி நேரத்தைக் குறிக்கலாம். நேரம் முடிவதற்கு 15 நிமிடங்கள் முன்பும் 1 நிமிடம் முன்பும் அறிவிப்புத் தோன்றும். பின்னர் கணக்கு பூட்டப்படும். திறந்திருந்த வேலை அழியாது.
* விளையாட்டுகள்: வயதுத் தரப்படுத்தலின்படி தடுக்கலாம்.
* நிரல்கள்: தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் இயங்கவிடலாம்.
* செயற்பாட்டு அறிக்கை: பார்த்த தளங்களையும் பயன்படுத்திய நேரத்தையும் பெற்றோருக்குக் காட்டும்.

பிந்தைய பதிப்புகள்

விண்டோஸ் 7 இல் (2009) வலை வடிகட்டியும் அறிக்கையும் இயங்குதளத்திலிருந்து நீக்கப்பட்டு, தனியாக நிறுவ வேண்டிய மென்பொருளில் தரப்பட்டன. விண்டோஸ் 10 இல் (2015) இவ்வசதிகளைப் பெறப் பிள்ளைக்கும் மைக்ரோசாப்ட் இணையக் கணக்கு தேவையாயிற்று. விஸ்டாவுக்கான ஆதரவு 2017 ஏப்ரலில் முடிவுற்றது.