ஜார்ஜ் விடுதி: பெயரின் வயதும் கட்டடத்தின் வயதும்

இலண்டனில் தேம்சு ஆற்றின் தென்கரையில், சவுத்வார்க் பகுதியில் உள்ள ஜார்ஜ் மதுவிடுதியைச் சேக்சுபியரோடு தொடர்புறுத்திப் பேசும் வழக்கு உண்டு. கட்டடத்தைப் பொறுத்தவரை அஃது ஏற்புடையதன்று. பெயர் பழையதே, ஜான் ஸ்டோ 1598இல் வெளியிட்ட இலண்டன் நகர வரலாற்று நூலில் அது இடம்பெற்றுள்ளது. ஆயின் பழைய விடுதி 1676ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. இன்று காண்பது 1677இல் எழுப்பப்பெற்றது; சேக்சுபியரோ 1616இலேயே மறைந்தவர்.

எனினும், புதிய விடுதியும் பழைய மரபிலேயே அமைந்தது. நடுவே குதிரைவண்டிகள் நிற்கும் முற்றம்; அதனை நோக்கி மேல்தளங்களில் மரத்தாலான திறந்த நடைமாடங்கள்; அவற்றின் வழியே அறைகளுக்குச் செல்லும் வாயில்கள். எலிசபெத் காலத்தில் இத்தகைய விடுதிமுற்றங்களில் நாடகங்கள் நிகழ்ந்தன. ஆதலின், அக்கால அரங்கின் பார்வையாளர் மாடங்களை விளக்க முற்படுவோர் இவ்விடுதியை எடுத்துக்காட்டுவர். அமைப்பு முறைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம், காலத்திற்குக் கொள்ளலாகாது.

முற்றத்தைச் சூழ்ந்திருந்த பகுதிகளுள் தென்புறம் மட்டுமே எஞ்சியுள்ளது. வடபுறத்தையும் நடுப்பகுதியையும் இருப்புப்பாதைக் குழுமம் ஒன்று 1889இல் இடித்தது. தீயினும் இதுவே பேரிழப்பு எனத் தோன்றுகிறது. தீக்குப் பின்னர் மீளக் கட்டினர், இடிப்புக்குப் பின்னர் எவரும் கட்டவில்லை. எஞ்சிய பகுதி 1937இல் தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று. இலண்டனில் நடைமாடத்துடன் இன்றும் நிற்கும் வண்டிவிடுதி இஃதொன்றே.