ஒரு பல்லும் 20 நாளும்

மயிலாப்பூர், மாம்பலம் அடிதடி வழக்குகளின் கட்டுகளை சைதாப்பேட்டை கோர்ட்டுக்குச் சுமந்த வக்கீல் குமாஸ்தா நான். வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டுவிடும். எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று டூட்டி டாக்டர் எழுதிய இரண்டு வரியைத்தான் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள்.

மெக்காலே வரைந்து, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1-ல் அமலான இந்திய தண்டனைச் சட்டத்தில் சாதாரணக் காயத்துக்கு 323-ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையே செய்ய முடியாது. ஒரு பல் உடைந்தாலோ, 20 நாள் கடும் வலியில் துடித்தாலோ, அன்றாட வேலை பார்க்க முடியாமல் கிடந்தாலோ கொடுங்காயம். 325-ஆவது பிரிவு, ஏழாண்டு வரை.

தினக்கூலிக்காரர் எங்கே 20 நாள் படுப்பது? வீங்கிய கையோடு மூன்றாம் நாளே சித்தாள் வேலைக்குப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போனதையே காட்டி எதிர்த்தரப்பு வக்கீல்கள் காயத்தைச் சிறிதாக்குவார்கள். அந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா. 323 இப்போது 115(2). 325 இப்போது 117(2). 20 நாள் 15 ஆகியிருக்கிறது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுதான் என்பதால், சைதாப்பேட்டையில் இரண்டு சட்டத்துக் கட்டுகளும் இப்போது ஒரே மேஜையில் வருகின்றன.