பொது இடம் எது? தங்கவயலில் குடியும் சட்டமும்

பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்னும் விதி, குடிப்பவருக்குப் பொதுவல்லாத ஓர் இடம் உண்டு என்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. கோலார் தங்கவயலின் வரலாற்றில் அந்தக் கருத்து தொழிலாளருக்குப் பொருந்திய காலம் மிகக் குறைவு.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மைசூர் சமஸ்தானத்திலும் நடைமுறையில் இருந்தது. அதன் 510ஆம் பிரிவு, குடிபோதையில் பொது இடத்திலோ, நுழைய உரிமையற்ற இடத்திலோ தோன்றி எவருக்கேனும் தொல்லை தருபவருக்கு 24 மணிநேரம் வரை சிறை அல்லது 10 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. கூர்ந்து பார்த்தால் குடித்தல் இங்குக் குற்றமன்று. தொல்லை தருதலே குற்றம். யாருக்குத் தொல்லை, யாருடைய இடத்தில் என்பவற்றைச் சட்டம் சொல்லவில்லை. அவற்றை அந்தந்த ஊரின் அதிகார அமைப்பே தீர்மானித்தது.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் ஆழ்சுரங்க வேலை தொடங்கியபின், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பெருந்திரளாக வந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பறையர் சமூகத்தினர். அவர்கள் குடியிருந்த லைன்களும், அங்கிருந்த தட்டி வீடுகளும் கம்பெனி நிலத்தில் நின்றவை. தங்கத் திருட்டுக்கு அஞ்சிய நிர்வாகத்தின் காவலர் அவ்வீடுகளுக்குள்ளும் நுழைந்தனர். வீதி, வீடு, சந்தை எல்லாவற்றின் மீதும் ஒரே கண்காணிப்பு. சுகாதாரத்தைக் கவனித்த சானிட்டரி போர்டும் தொழிலாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகரசபையன்று. ஐரோப்பிய அதிகாரி குடித்தது கிளப்பில். அதற்குச் சுவர் இருந்தது. நிர்வாகத்துக்குக் குடி என்றால் சம்பள நாளுக்கு மறுநாள் ஆள் வராமை. அரசுக்கோ அது கலால் வருவாய். இவ்விரண்டுக்கும் இடையே தொழிலாளரின் விருப்பம் கேட்கப்படவில்லை.

குடி பற்றித் தொழிலாளர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதி வேறிடத்திலிருந்து வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. பின்னாளில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மதுவை விலக்குவது. அதைக் குறிக்கத் தமிழ்ப் பௌத்தர்க்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. ‘கள்ளுண்ணாமை’ திருக்குறளில் ஓர் அதிகாரமாகவே இருந்தது, குறளையோ பண்டிதர் பௌத்த நூலாகவே வாசித்தார். (‘கள்’ என்னும் பானப் பெயரும் ‘களவு’க்கு அடியான ‘கள்’ளும் ஒலியால் ஒன்று, வேர்ச்சொல் அகராதி அவற்றைத் தனித்தனியே வைக்கிறது. சுரங்க நிர்வாகமோ குடியனையும் திருடனையும் ஒரே ஆளாகவே பார்த்தது.) சீலத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சீலம் இடம் பார்ப்பதில்லை; வீதியில் குடிப்பதும் வீட்டில் குடிப்பதும் அதற்கு ஒன்றே. அதை ஏற்பவர் தாமே ஏற்கிறார். காவலர் வந்து ஏற்கச் செய்வதில்லை.

இடம் பாராத இன்னொரு சட்டம் எல்லைக்கு அப்பால் வந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்திலும், 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களிலும், 1939இல் வடஆர்க்காட்டிலும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தவை. தங்கவயல் தொழிலாளருள் பலருக்குச் சொந்த ஊர் இம்மாவட்டங்களிலேயே இருந்தது. லைனில் சம்பளக் காசில் வாங்கிக் குடித்தது குற்றமன்று. திருவிழாவுக்கு ஊர் சென்று தன் வீட்டுத் திண்ணையில் குடித்தால் குற்றம்.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடைசெய்தது. இன்று ஊரில் ராபர்ட்சன்பேட்டை நகரசபை இருந்தாலும், மதுக்கடை எங்கே இருக்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை மாநிலக் கலால் விதிகளே. 1967ஆம் ஆண்டின் உரிமப் பொது நிபந்தனை விதிகளுள் ஐந்தாம் விதி, கோயில், பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் கடை கூடாது என்கிறது. அதே மூச்சில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பெரும்பான்மையாக வாழும் குடியிருப்பிலும் கூடாது என்கிறது. கோயிலைக் காப்பது போல் சேரியையும் காப்பது இதன் நோக்கம் எனலாம்; அம்மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர் என்னும் பழைய காலனியக் கணிப்பும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் சீலத்தை நூறாண்டுக்கு முன்பே தாமாக ஏற்ற ஒரு சமூகத்தைப் பற்றிய கணிப்பு இது என்பது கசப்பானது. குடியால் முதலில் அடிபடும் பெண்களுக்கு இவ்விதி பயன்படாது என்று சொல்ல முடியாது; ஆனால் அவர்கள் கேட்டு வந்த விதியாக அதன் வாசகம் ஒலிக்கவில்லை.

சி.எல். 2 உரிமம் பெற்ற சில்லறைக் கடையில் வாங்கலாம், அங்கேயே குடிக்கக் கூடாது. உட்கார்ந்து குடிக்க சி.எல். 9 உரிமமுள்ள பாருக்குச் செல்ல வேண்டும். அங்கே செலவு கூடுதல். ஓரறை லைன் வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கையில், வாங்கியவருக்கு எஞ்சுவது சயனைடு மேட்டின் ஓரம்தான். அது பொது இடம்.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு பழைய 510இன் இடத்தைப் பிடித்தது. சிறை அதே 24 மணிநேரம். அபராத வரம்பு 10 ரூபாயிலிருந்து 1,000 ஆயிற்று. சமூகசேவை என்னும் தண்டனை புதிதாகச் சேர்ந்தது. ‘பொது இடம்’, ‘தொல்லை’ ஆகிய இரு சொற்களும் 1860இல் இருந்தவாறே இருக்கின்றன.