பெட்டியடிப் பையனும் பெங்களூரு இன்டர்னும்

சென்ற வாரம் இங்கே பெங்களூரில் வணிகவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். சிவகங்கை மாவட்டத்துக்காரர். முதலீட்டு வங்கியில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதிய கடிதத்தைத் திருத்தித் தர வேண்டும் என்றார். நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்புகூட வரவில்லையாம். கிளம்பும்போது அவர் கேட்டது இது: “அக்கா, வேலை பழகுறதுக்கே முன்அனுபவம் கேக்குறாங்க. அதை எங்க போய்ப் பழகுறது?”

அன்று என்னிடம் விடையில்லை. ஆனால் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முதற்பகுதி அவருடைய மாவட்டத்திலேயே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் பர்மா, மலேயா, இலங்கை, சுமத்திரா எனப் பரவின. 1930ஐ ஒட்டிப் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்தன. அக்கடைகளில் பணிநிலைகளுக்கெனத் தெளிவான சொற்கள் வழங்கின: கடையை நடத்துபவர் மேலாள், அவருக்கு அடுத்தவர் அடுத்தாள், தொழில் பழக வந்தவன் பெட்டியடிப் பையன். பல கடைகள் ஒரே கிட்டங்கியில் இயங்கின. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஓரிடம். அவ்விடத்தின் அடையாளம் பணப்பெட்டி. அதன் அருகில் அமர்ந்து பழகியவனுக்கு அந்த இடமே பெயராயிற்று. இத்தாலிய மொழியில் பணமாற்றுக்காரர் அமர்ந்த பலகையைக் குறித்த ‘பாங்கோ’ என்னும் சொல்லிலிருந்தே ‘பேங்க்’ பிறந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். அங்கே பலகை தொழிலுக்குப் பெயர் தந்தது. இங்கே பெட்டி பயிலுநனுக்குப் பெயர் தந்தது.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த சிறுவனுக்கு மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்பது மனப்பாடம். பின்ன வாய்பாடு தெரிந்தால் வட்டி வாயிலேயே வரும். மற்றவை அனைத்தையும் கடையில்தான் கற்றான்: பேரேடு எழுதுவது, கடிதம் படியெடுப்பது, ஐந்தொகை போடுவது, கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் படிப்பது. முகவர்களின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. அதற்கான சம்பளம் முன்பே பேசி முடிக்கப்படும். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் அடிநிலையிலிருந்து பழகியதுண்டு. ஆக, தொழில் தெரியாதவனாக உள்ளே வந்தான். பயிற்றுவிக்கும் செலவைக் கடை ஏற்றது.

இதைப் பொற்காலமாகக் காண்பது பிழை. அவ்வாசல் பெரும்பாலும் சாதியாலும் உறவாலும் மட்டுமே திறந்தது. விதிவிலக்குகள் இருந்தன. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல் சுமத்திராவின் மேடானுக்குச் சென்று தமிழர் கடையொன்றில் வேலை பார்த்தார். அக்கடை உலகின் பேச்சு பின்னர் அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யில் இடம்பெற்றது. ஆனால் ‘பையன்’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது, பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்பதை. என்னைக் காண வந்த மாணவி தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் விண்ணப்பிக்கும் பேச்சுக்கே இடமிருந்திராது. அப்பேரேடுகளுக்கு மறுபக்கமும் உண்டு. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு; விலைவீழ்ச்சியால் கடன்கள் முடங்கியபின், 1938இல் 25 விழுக்காடு. பையன் எழுதிய ஒவ்வொரு வரியின் எதிர்முனையிலும் ஓர் உழவர் இருந்தார்.

இரண்டாவது வாசல் பெங்களூரின் கண்முன்னே இருப்பது. 1913இல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் மைசூர் வங்கி இந்நகரில் தொடங்கப்பட்டது. அவ்வங்கி 2017இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தபின்னும் மைசூர் பேங்க் சர்க்கிள் என்னும் பெயர் நிலைத்திருக்கிறது. 1906இல் மங்களூரில் பிறந்த கனரா வங்கியின் தலைமையகமும் இன்று இங்கேதான். 1969இல் அரசுடைமையான 14 வங்கிகளுள் அதுவும் ஒன்று. அரசுடைமைக்குப் பின் வங்கி வேலைக்கான வாசல் படிப்படியாகப் பொது எழுத்துத் தேர்வாயிற்று. எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம்; இடஒதுக்கீடு உண்டு; தேர்வானவர் தகுதிகாண் பருவத்தில் முழுச் சம்பளத்துடன் தொழில் பழகுகிறார். கடினமான தேர்வுதான். ஆயினும் உறவு என்னும் பூட்டை அது அகற்றியது. பழைய கடையின் நல்ல வழக்கமான ‘முதலில் நுழைவு, பிறகு பயிற்சி’ என்பதையும் கைவிடவில்லை.

மூன்றாவது வாசல் மாணவி தட்டிக்கொண்டிருப்பது. கோல்ட்மன் சாக்ஸ் 2004இல் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. பிற பன்னாட்டு நிறுவனங்களும் இங்கே உள்ளன. இவற்றின் பெங்களூரு வேலைகளில் பெரும்பகுதி தொழில்நுட்பம், இடர் மதிப்பீடு, கணக்கு, ஆய்வுத் துணை ஆகியவை. நிறுவனங்களை இணைப்பது, பங்கு வெளியீட்டை நடத்துவது போன்ற பேரங்களின் மையம் மும்பை. இன்டர்ன்ஷிப் வாய்ப்புகளில் கணிசமானவை, நிறுவனங்கள் நேரில் வந்து ஆளெடுக்கும் சில வளாகங்களிலேயே முடிந்துவிடுகின்றன. வெளியே இருப்பவர் இணையத்தில் விண்ணப்பிக்கிறார், தெரிந்தவர் பரிந்துரையைத் தேடுகிறார். நிறுவன மதிப்பீடு, எக்செல் மாதிரி ஆகியவற்றை முன்பே கற்றிருக்க வேண்டும். அவற்றைக் கற்பிக்கும் கட்டணப் பயிற்சிகளுக்கும் குறைவில்லை.

இம்மூன்றையும் வரிசையில் வைத்தால் ஒரு மாற்றம் புலப்படும். பயிற்சி வாசலுக்கு உள்ளேயிருந்து வெளியே நகர்ந்துவிட்டது. கடையும் வங்கியும் ஏற்ற செலவை இன்று பெரும்பாலும் மாணவரின் குடும்பம் ஏற்கிறது. சாதியின் பெயரால் அடைத்த கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. கல்லூரியின் பெயரும் தந்தையின் வருமானமும் அதில் வேறு பூட்டுகளாகத் தொங்குகின்றன. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், அரசு அதை 2024இல் அறிவித்தபோது, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருவதாக இருந்தது. அதுவும் அப்போது 21 முதல் 24 வயதுள்ள, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கென வகுக்கப்பட்டது. அன்று கல்லூரி மாணவிக்கு அங்கும் இடமிருக்கவில்லை.

‘இன்டர்ன்’ என்னும் சொல்லின் இலத்தீன் வேர் ‘உள்ளிருப்பது’ என்று பொருள்படும். உள்ளே இருக்கும்போது கற்க வேண்டியதைக் கற்று முடித்துவிட்டு வா என்பது இன்று அதற்கு நாம் தரும் பொருள்.

அந்த மாணவிக்கு நேற்று எழுதினேன். நாற்பது மௌனங்களும் அவருடைய அறிவுக்கு இடப்பட்ட மதிப்பெண் அல்ல, விண்ணப்பத்தைத் தொடரட்டும், கூடவே தணிக்கையாளர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் போன்ற சிறிய இடங்களையும் கேட்டுப் பார்க்கட்டும். ஐந்தொகையை உண்மையான தாள்களில் படிக்க அவை போதும். இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்சுவடியைக் கட்டணப் பயிற்சிக்கு விட்டுவிடாமல் நம் வகுப்பறைக்குள் கொண்டுவர முடியுமா? கதவு நம் கையில் இல்லை. வாய்பாடு நம் கையில்தான் இருக்கிறது.