கையில் ஆயுதம் இல்லாத ராணுவ அதிகாரி: ஐ.நா. பார்வையாளர் பணியின் வரலாறு

நம் சங்க மலரில் கோயில், கல்வெட்டு, இசை, இலக்கியம் என்று எத்தனையோ நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ராணுவத்தில் இருபத்தெட்டு ஆண்டு குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு அந்த அளவுக்குப் பாண்டித்தியம் கிடையாது. ஆனாலும் மலர்க் குழுவினர் விடவில்லை. "சார், உங்க துறையிலேர்ந்தே வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு கொடுங்களேன்" என்றார்கள். போர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். போர் நின்ற மறுநாள் காலையில் இரண்டு படைகளுக்கும் நடுவே வெறுங்கையோடு போய் நிற்கிறவர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. 1989-ல் ஓராண்டு நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

தூதரும் இல்லை, ஒற்றரும் இல்லை

ஐ.நா. அமைதிப் பணி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது நீலத் தலைக்கவசம், தோளில் துப்பாக்கி, வெள்ளைக் கவச வண்டி. அது 1956-ல் சூயஸ் நெருக்கடியின்போது பிறந்த அமைதிப் படை. அதைவிட எட்டு ஆண்டு மூத்தது ராணுவப் பார்வையாளர் பணி. பார்வையாளர் பட்டாலியனோடு போவதில்லை. கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் நிலையில் இருக்கும் அதிகாரியைத் தனி ஆளாக அவருடைய நாடு ஐ.நா.வுக்குக் கொடுத்து உதவும். சொந்த நாட்டுச் சீருடை, தலையில் நீலத் தொப்பி, கையில் பைனாகுலர், வரைபடம், வயர்லெஸ். இடுப்பில் ஒரு பிஸ்டல்கூடக் கிடையாது.

எங்களை ஆங்கிலத்தில் சுருக்கி 'மில்ஆப்' என்பார்கள். என்னோடு இருந்த அலகாபாத் நண்பர் அதை 'மிலாப்' என்றுதான் உச்சரிப்பார். இந்தியில் மிலாப் என்றால் இணக்கம், ஒன்றுசேர்தல். வடக்கே பல காலம் வாழும் நம்மவர்களுக்கு இதன் பொருத்தம் சொல்லாமலே புரியும்.

திருவள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றுக்கு ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். பார்வையாளர் இந்த இரண்டிலும் அடங்க மாட்டார். தூதர் தன் அரசனுக்காகப் பேசுவார், ஒற்றர் தன் அரசனுக்காக ஒளிந்து பார்ப்பார். பார்வையாளரோ இரண்டு தரப்பும் அறிய, பட்டப்பகலில், வெள்ளை வண்டியில் போய்ப் பார்க்கிறவர். பார்த்ததை எந்த அரசனுக்காகவும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அப்படியானால் இதற்கு ராணுவ அதிகாரி எதற்கு, சிவிலியன் போதாதா என்று கேட்கலாம். வெடிச் சத்தத்தை வைத்தே அது மார்ட்டாரா, பீரங்கியா என்று சொல்லத் தெரிய வேண்டும். குண்டு விழுந்த பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்க வேண்டும். புதிதாக வெட்டிய மண் வாய்க்காலா, பதுங்கு குழியா என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னணியில் இருக்கும் கமாண்டர் தன் தொழிலை அறிந்தவனிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்.

1948: ஆரம்பமே ரத்தத்தில்

1948 மே 29 அன்று பாதுகாப்பு மன்றம் பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தம் கோரி 50-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை மேற்பார்வையிட ஸ்வீடனின் கவுண்ட் ஃபோல்க் பெர்னடோட் என்ற சமரசத் தூதரிடம் 36 பார்வையாளர்கள் முதலில் வந்து சேர்ந்தார்கள். ஐ.நா.வின் முதல் அமைதிப் பணி இதுதான். மே 29-ஐ உலக அமைதிப் படையினர் நாளாகக் கொண்டாடுவதும் இதை வைத்தே.

பார்வையாளர்கள் ஆயுதம் தாங்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றவர் பெர்னடோட்டுக்குத் துணையாக இருந்த அமெரிக்கர் ரால்ஃப் பன்ச். பின்னாளில், 1950-ல், நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். அவர் கணக்கு எளிது. முப்பது பேரிடம் முப்பது பிஸ்டல் இருந்தால் எந்தப் படையைத் தடுக்க முடியும்? ஒன்றையும் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பிஸ்டலைக் காரணம் காட்டி அவர்களைச் சுடலாம். கையில் ஒன்றும் இல்லாதவனைச் சுட்டால், சுட்டவன் உலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. அந்த ஜூலையிலேயே பிரான்ஸ் நாட்டுப் பார்வையாளர் ரெனே லபாரியேர் பணியில் உயிரிழந்தார். செப்டம்பர் 17 அன்று ஜெருசலேம் வீதியில் பெர்னடோட்டின் காரை மறித்து, லெஹி என்ற தீவிரவாதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த பிரெஞ்சுப் பார்வையாளர் கர்னல் ஆந்த்ரே செரோவும் மாண்டார். அதற்குப் பிறகும் பன்ச் ஆயுதம் கொடுக்கவில்லை. பெர்னடோட்டின் இடத்தில் தானே அமர்ந்து, 1949-ல் இஸ்ரேலுக்கும் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தங்களை முடித்துக் காட்டினார்.

நம் எல்லையிலும் வெள்ளை ஜீப்

இரண்டாவது பார்வையாளர் குழு வந்தது நம் நாட்டுக்குத்தான். காஷ்மீர்ப் பிரச்சினையை 1948 ஜனவரியில் பாதுகாப்பு மன்றத்தில் நம் சார்பில் எடுத்து வைத்தவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான என். கோபாலசாமி ஐயங்கார். அடுத்த ஆண்டு பிறந்தவுடன் போர் நின்றது. 1949 ஜனவரி 24 அன்று முதல் பார்வையாளர்கள் வந்து இறங்கினார்கள். 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்பது இந்தியாவின் நிலை. நாம் அவர்களிடம் புகார் கொடுப்பதில்லை. ஆனாலும் குழு இருக்கிறது. இளம் அதிகாரியாகப் பூஞ்ச் பகுதியில் இருந்தபோது நானே அவர்களுடைய வெள்ளை வண்டியைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக்குள் வேற்றாள் எட்டிப் பார்க்கிறானே என்ற எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் நானே வேற்றாளாகப் போய் நின்றபோது அந்த அனுபவம் கை கொடுத்தது.

இந்திய அதிகாரிகள் பெரிய அளவில் இந்த வேலையைப் பழகிய இடம் இந்தோசீனா. அது ஐ.நா. பணி அல்ல. 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி இந்தியா தலைமையில், கனடாவும் போலந்தும் சேர்ந்த சர்வதேசக் கமிஷன். வியட்நாமில் மட்டும் வடக்கே ஏழு, தெற்கே ஏழு என்று பதினான்கு ஊர்களில் நிலையான குழுக்கள் அமைக்க உடன்பாடு. கோபாலசாமி ஐயங்காரின் மகன் ஜி. பார்த்தசாரதி கம்போடியாவிலும் பிறகு வியட்நாமிலும் இந்தக் கமிஷனுக்குத் தலைமை ஏற்றார். தந்தை தொட்ட இடத்திலிருந்து மகன் தொடர்ந்தார் என்றே சொல்லலாம்.

1962-ல் கமிஷன் ஒரு சிறப்பு அறிக்கை தந்தது. இந்தியாவும் கனடாவும் கையெழுத்திட, போலந்து மறுத்தது. வடக்கும் மீறியிருக்கிறது, அமெரிக்க உதவியோடு தெற்கும் மீறியிருக்கிறது என்று இரண்டையும் அதில் எழுதினார்கள். கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. போர் பெரிதானது. 1965 அக்டோபர் 18 அன்று வியன்டியானிலிருந்து ஹனோய்க்குப் பறந்த கமிஷனின் விமானம் 13 பேரோடு காணாமல் போனது. அதில் ஐந்து பேர் இந்தியர்கள். இன்றுவரை விமானம் கிடைக்கவில்லை. அவர்களை நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

ஈரான்–ஈராக்: நான் பார்த்தது

1980 செப்டம்பரில் தொடங்கிய ஈரான்–ஈராக் போர் 1988 ஆகஸ்ட் 20 அன்று நின்றது. 26 நாடுகளிலிருந்து சுமார் 350 பார்வையாளர்கள் போனோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட எல்லை. நான் ஈரான் பக்கம், தெற்கே அஹ்வாஸ் பகுதியில் இருந்தேன். குர்ரம்ஷஹர் என்ற ஊர் இடிபாடுகளின் குவியலாகக் கிடந்தது. ஆற்றங்கரைப் பேரீச்சந்தோப்புகளில் குண்டு பட்டுத் தலை போன மரங்கள் வரிசையாக நின்றன. நம் ஊரில் தலையில்லாத ஒற்றைப் பனையைப் பார்த்தாலே மனசு என்னவோ போலாகும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான்.

எப்போதும் இரண்டு பேராகத்தான் ரோந்து போவோம், இருவரும் வெவ்வேறு நாட்டவர். ஒரு நாட்டுக்காரர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரு நாள் ஈரான் தரப்பிலிருந்து புகார் வந்தது: எதிர்த் தரப்பு இரவோடு இரவாக மண்மேட்டை முன்னால் தள்ளிவிட்டது என்று. நானும் அயர்லாந்துக் கேப்டன் ஒருவரும் போனோம். கண்ணிவெடி அகற்றிய ஒற்றையடித் தடத்தில், ஒருவர் காலடியில் மற்றவர் கால் வைத்து நடந்தோம். மண்மேடு நகர்ந்திருந்தது உண்மை. புகார் கொடுத்தவர்களும் பக்கத்திலேயே புதுக் குழி வெட்டியிருந்தார்கள், அதுவும் உண்மை. இரண்டையும் எழுதினோம். மறுகரையில் இருந்த எங்கள் சகாக்கள் ஈராக் கமாண்டரிடம் பேசினார்கள். இரண்டு நாளில் மேடும் போனது, குழியும் மூடப்பட்டது. இரண்டு கமாண்டர்களும் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இருவரும் சுளித்தால் ரிப்போர்ட் சரியாக வந்திருக்கிறது என்பது எங்கள் அளவுகோல்.

ரிப்போர்ட்டில் மூன்று சொற்கள்தான் உயிர்: பார்த்தேன், கேட்டேன், சொன்னார்கள். இதில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதினால் மறுநாள் பீரங்கி முழங்கலாம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும்.

என் மனைவி ஒரு கடிதத்தில், "துப்பாக்கி இல்லாம அங்க போய் நின்னு என்னத்தைத் தடுக்கப் போறீங்க?" என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. பெரிய போரை நாங்கள் தடுக்கவில்லை. எட்டு ஆண்டில் களைத்துப் போன இரண்டு நாடுகள்தான் அதை நிறுத்தின. பயத்தில் யாரோ சுட்ட ஒரு தோட்டா அந்தப் போரை மறுபடி மூட்டாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவே. 1991 பிப்ரவரியில் அந்தக் குழு பணி முடிந்து கலைந்தது.

விலை கொடுத்தவர்கள்

இரு தரப்பும் கொடுத்த வாக்குதான் பார்வையாளருக்குக் கவசம். வாக்குக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும்? 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் துட்சி மக்களின் இனப்படுகொலை தொடங்கியது. பெண் பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவலாக வந்த பத்து பெல்ஜிய வீரர்களின் ஆயுதங்களைப் பறித்து அவர்களையும் கொன்றார்கள். அதே நகரத்தில் செனகல் நாட்டுப் பார்வையாளர் கேப்டன் ம்பாயே தியாக்ன், தனி ஆளாக, ஆயுதமில்லாமல், பிரதமரின் குழந்தைகளை மீட்டார். பிறகும் தன் வண்டியில் நாலைந்து பேராக ஏற்றிக்கொண்டு, வழிமறித்த கொலைகாரர்களிடம் சிரித்துப் பேசி, சிகரெட் கொடுத்து, மறுபடி மறுபடி போய் வந்தார். அவர் காப்பாற்றியவர்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். பார்ப்பது மட்டுமே அவருக்கு இட்ட வேலை. அதைத் தாண்டினார். மே 31 அன்று ஒரு சோதனைச் சாவடியில் மார்ட்டார் சிதறல் பட்டு மறைந்தார். 2014-ல் அசாதாரணத் துணிவுக்கான ஒரு பதக்கத்துக்குப் பாதுகாப்பு மன்றம் அவர் பெயரையே வைத்தது.

சியரா லியோனில் வேறு கதை. 2000 மே மாதம் கைலாஹுன் ஊரில் நம் கூர்க்கா வீரர்களோடு 11 பார்வையாளர்களும் கிளர்ச்சிக்காரர்களின் முற்றுகையில் மாட்டினார்கள். எழுபது நாளுக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஜூலையில், மேஜர் ஜெனரல் வி.கே. ஜெட்லி தலைமையில் 'ஆபரேஷன் குக்ரி' நடத்தித்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது. வெறுங்கை எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு இது சாட்சி. 2006 ஜூலை 25 அன்று தெற்கு லெபனானில் கியாம் என்ற ஊரில் இஸ்ரேலிய விமானக் குண்டு வீச்சில் பார்வையாளர் நிலை தரைமட்டமானது. ஆஸ்திரியா, கனடா, சீனா, ஃபின்லாந்து நாட்டு அதிகாரிகள் நால்வர் அதில் மாண்டார்கள்.

முடிவாக

இந்தியா இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஐ.நா. அமைதிப் பணிகளுக்கு அனுப்பியிருக்கிறது. அவர்களில் ஆயுதமின்றிப் போனவர்கள் மிகச் சிறுபான்மை. ஆயுதமில்லாமல் நிற்பதை நான் அகிம்சை விரதமாகவும் கோழைத்தனமாகவும் பார்க்கவில்லை. அது ஒரு ஒப்பந்தம். "நான் உன்னைப் பயமுறுத்த மாட்டேன், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன்" என்பது பார்வையாளரின் பங்கு. அதை அவர் உயிரை வைத்துக் காப்பாற்றுகிறார். எழுதியதைப் படித்து அதன்படி நடப்பது அரசுகளின் பங்கு. வியட்நாமில் அந்தப் பங்கு நிறைவேறவில்லை, ஈரான்–ஈராக் எல்லையில் ஓரளவு நிறைவேறியது. இரண்டு இடத்திலும் அதிகாரிகளின் துணிச்சலில் வித்தியாசம் இல்லை, கேட்ட காதுகளில்தான் வித்தியாசம்.

நம் சங்கத்துப் பிள்ளைகளில் யாராவது ராணுவத்தில் சேர்ந்து, நாளைக்கு நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வெறுங்கையோடு எங்கோ போய் நிற்கலாம். அப்போது பெற்றோர் கவலைப்படத்தான் செய்வார்கள், படவும் வேண்டும். கூடவே, அந்தப் பிள்ளை அனுப்பும் ரிப்போர்ட்டை உலகம் படிக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.