தோட்டாவை நிரப்பும் கை

புரோகிரசிவ் பிரஸ் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதற்கானது. மேசை ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு வட்டத் தட்டில் நாலைந்து கூடுகள் நிற்கும். லீவரை ஒரு தடவை இழுத்தால் ஒரு கூட்டில் பழைய கேப் வெளியே தள்ளப்படும், அடுத்ததில் மருந்து கொட்டும், அதற்கடுத்ததில் ஈயக் குண்டு உட்காரும், கடைசியில் வாய் இறுகும். பிறகு தட்டு ஒரு இடம் நகரும். சிங்கிள் ஸ்டேஜ் கருவியில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான். இதில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா. அமெரிக்காவில் வீட்டு கராஜில் உட்கார்ந்து மணிக்கு 400, 500 என்று அடித்துத் தள்ளுகிறார்கள்.

மென்பொருள்காரனான எனக்கு இது பார்த்தவுடன் பிடித்துப்போனது. அச்சு அசல் பைப்லைன். ஆனால் வாங்குகிறவர்கள் மாய்ந்து மாய்ந்து விவாதிப்பது வேகத்தைப் பற்றி இல்லை. தட்டு தானாகச் சுழல வேண்டுமா, கையால் சுழற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி. டில்லன் நிறுவனத்தின் 550 மாடலில் கையால்தான் சுழற்ற வேண்டும். மறந்துவிட்டு லீவரை மறுபடி இழுத்தால் அதே கூட்டில் இரண்டாவது தடவை மருந்து விழும். கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து பெரும்பாலும் கூட்டின் பாதிகூட இருக்காது. அதனால் இரட்டை மருந்தும் சத்தமில்லாமல் உள்ளே அடங்கிவிடும். சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். தானாகச் சுழலும் மாடலில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் நடுவில் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் எந்தக் கூடு எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கு போய்விடும். சர்வர் பாதியில் விழுந்து எழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். இரட்டிப்பாக விழுந்தால் வழிந்து கொட்டும் அளவுக்குப் பருமனான மருந்தையே பழகியவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறு கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று சுடுகிறவனுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் பெரிய வரலாறு இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு கார்த்தூஷிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால் இத்தாலிய மொழியில் காகிதம். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலில் கால் ஊன்றியபோது தோட்டா என்பது உண்மையில் காகிதப் பொட்டலம்தான். ஒரு ஈய உருண்டை, அளந்த கரிமருந்து, மேலே சுருட்டி முறுக்கிய தாள். வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். ஒருநாள் நடைக்குள் மூன்று ஐரோப்பியக் கொடி, மூன்று மருந்துக் கிடங்கு. கடற்காற்று மூவருக்கும் பொதுவான எதிரி. ஈரம் ஏறிய மருந்து பற்றாது. 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் காரைக்கால் கோட்டையைப் பிடித்தபோதும் இரண்டு பக்கமும் இந்தப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்துத்தான் சுட்டுக்கொண்டார்கள்.

கடிப்பது. இந்த ஒரு வினைச்சொல் நூறு வருஷம் கழித்துப் பெரிய விஷயமானது. 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பூசிய கொழுப்பு பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். பாடப் புத்தகம் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. ஜனவரி கடைசியிலேயே அரசு இறங்கி வந்தது. கொழுப்பு பூசாத தோட்டா தருகிறோம், கடைத்தெருவில் வேண்டியதை வாங்கி நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றது. இன்றைய மொழியில் சொன்னால், கடைசிப் படியைப் பயனர் கையில் கொடுத்துவிட்டார்கள். அது எடுபடவில்லை. பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் காகிதத்தையே சந்தேகப்பட்டார்கள். பளபளக்கிறது, எரித்தால் கொழுப்பு எரிகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். ஏப்ரலில் மீரட்டில் குதிரைப்படையினர் 85 பேர் தொட மறுத்தது பழைய வகைத் தோட்டாவை. புதிய கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை மூடநம்பிக்கை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத கூடத்தில், தெரியாத ஆட்கள் செய்த பொருளை வாயில் வைக்கச் சொல்கிறார்கள். செய்தவன்மேல் நம்பிக்கை போன பிறகு ஒரு படியை மட்டும் திறந்து காட்டி என்ன பிரயோஜனம்?

அதன் பிறகு தோட்டா முழுசாக மூடிக்கொண்டது. 1860-களில் உலோகக் கூடு வந்தது. லண்டன் அருகே உல்லிச் ஆயுதசாலையில் எட்வர்டு பாக்ஸர் ஒரு முறையைச் செய்தார், அமெரிக்காவில் ஹிராம் பெர்டன் இன்னொன்று. பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. ஒரு ஊசியை உள்ளே விட்டால் பழைய கேப் கழன்றுவிடும். பெர்டன் முறையில் பெரும்பாலும் ஓரத்தில் இரண்டு சிறு துளை. ஊசிக்கு வழியில்லை, கேப்பை நோண்டித்தான் எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலேயனின் முறை அமெரிக்காவுக்குப் போனது, அமெரிக்கனின் முறை ஐரோப்பிய ராணுவங்களுக்கு வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவும் பெரும்பாலும் பெர்டன்தான். கராஜ் லீவர் அமெரிக்காவில் சாத்தியமானதற்கு அந்த நடுத்துளை ஒரு முக்கியக் காரணம்.

இங்கே துளைக்கும் முன்னால் சட்டம் நின்றது. 1878-ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்கள் ஆயுதம் வைக்க லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அந்தச் சட்டம் காரைக்கால் எல்லையில் நின்றுவிடும். உள்ளே பிரெஞ்சுச் சட்டம். புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரிட்டிஷ் போலீஸ் ஏன் அப்படிக் கண்காணித்தது என்பது இதை வைத்தே பாதி விளங்கும். வாஞ்சிநாதனுக்கு வ.வே.சு. ஐயர் சுடக் கற்றுக்கொடுத்தது புதுச்சேரியில்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. துப்பாக்கியும் குண்டும் இரண்டுமே கடல் கடந்து வந்த சரக்கு.

1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்தியாவிடம் வந்தது. 1959-ல் புதிய ஆயுதச் சட்டம். லைசென்ஸ் முறை தொடர்ந்தது. அதன் 5-ம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக வீட்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஆகவே எந்த பிரஸ் வாங்கலாம் என்ற கேள்வி காரைக்கால் வீட்டு மாடியில் எழாது. எழவும் வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் கையால் நிரப்புவது தமிழ்நாட்டில் அற்றுப்போய்விடவில்லை. நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி வாய்வழியே நிரப்புவது. கரிமருந்து, அதை அடைக்கத் தக்கை, ரவை, மறுபடி தக்கை, கம்பியால் இடித்துவிட்டுப் பின்னால் ஒரு கேப். ஒரு தடவை சுட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். செய்கிறவனும் சுடுகிறவனும் ஒரே ஆள். எவ்வளவு மருந்து போனது என்று அவருக்குத் தெரியும், தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும் என்பதும் தெரியும்.